தோளின் கதை – அத்தியாயம் 6: இடம் மாறிய பந்து

1944 செப்டம்பர் 24. ஹாலந்தில் ஆர்னெம் நகரம். ரைன் நதிப் பாலத்தைப் பிடிக்க வானிலிருந்து குதித்த பிரிட்டிஷ் பாராசூட் படை அடி வாங்கிச் சிதறிக் கிடந்தது. ஊரிலிருந்த செயின்ட் எலிசபெத் மருத்துவமனை ஜெர்மானியர் வசம். அங்கே பிரிகேடியர் ஜான் ஹாக்கெட்டைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். குண்டுச் சிதறல் வயிற்றைத் துளைத்திருந்தது. பார்வையிட்ட ஜெர்மானிய மருத்துவர் கைவிரித்தார். இந்த மாதிரி வயிற்றுக் காயத்துக்கெல்லாம் நேரம் செலவழிப்பது வீண் என்பது அவர் கட்சி.

கைதியாகப் பிடிபட்டிருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஒருவர் கேட்கவில்லை. வயிற்றைத் திறந்து தைத்தார். ஹாக்கெட் பிழைத்தார், டச்சுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒளிந்திருந்து தப்பினார், பின்னாளில் ஜெனரலும் ஆனார். தைத்த மருத்துவரும் காவலிலிருந்து நழுவி ஊர் போய்ச் சேர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பெயர் லிப்மன் கெஸல்.

இந்தப் போர்க்கதைக்கும் நம் தோளுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. 1973-இல் லண்டனில், எலும்பு மூட்டு நிபுணராகப் பேர் வாங்கியிருந்த இதே கெஸல், ஒரு விபரீதமான காரியத்தில் இறங்கினார். இயற்கை பந்து வைத்திருந்த இடத்தில் கிண்ணத்தை வைத்தார். கிண்ணம் இருந்த இடத்தில் பந்தை வைத்தார்.

ஏன்? அது புரிய, சென்ற வாரம் நாம் நிறுத்திய இடத்துக்குப் போக வேண்டும்.

நியூயார்க். கொலம்பியா-பிரெஸ்பிட்டீரியன் மருத்துவமனை. டாக்டர் சார்லஸ் நியர். மேற்கை எலும்பின் தலை நொறுங்கிப்போனவர்களுக்கு வைட்டாலியம் என்ற கலப்பு உலோகத்தில் பந்து செய்து வைத்தவர். 1955-இல் 12 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டவர். பிறகு தேய்ந்த கிண்ணத்துக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் ஒரு தகடு செய்து, எலும்பு சிமென்ட் போட்டு ஒட்டினார். 1974-இல் அதையும் அறிவித்தார். மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கு வலி போனது, கை எழுந்தது. ஆனால் ஒரு கூட்டம் மட்டும் அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு எந்தப் பந்தை வைத்தாலும் கை எழவில்லை. தோளைத் திறந்து பார்த்தால், பந்தைச் சுற்றி இருக்கவேண்டிய தசைநாண்களைக் காணோம். அங்கேதான் 'தொடரும்' போட்டோம்.

தோள்மூட்டின் கிண்ணம் பெயருக்குத்தான் கிண்ணம். இடுப்பு மூட்டில் இருப்பதுபோல ஆழம் கிடையாது, கிட்டத்தட்ட தட்டை. பந்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஒரு நேரத்தில் அதைத் தொடுகிறது. அதனால்தான் கையை இத்தனை பக்கம் சுழற்ற முடிகிறது. அதனால்தான் வழுக்கவும் செய்கிறது. பந்து வழுக்காமல் அழுத்திப் பிடித்திருப்பவை நான்கு சிறிய தசைகளின் நாண்கள். மருத்துவர்கள் ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். இந்தத் தொடரில் சுழல்தசைப் பட்டை என்று சொல்லி வருகிறோம். தோளுக்கு உருண்டு திரண்ட வடிவம் தரும் பெரிய தசை வேறு, அது டெல்டாய்டு. கையைத் தூக்கும் பலம் பெரும்பாலும் அதனுடையது.

தரையில் கிடக்கும் நீளமான ஏணியை நிமிர்த்துகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் தலைமாட்டைத் தூக்கும்போது இன்னொருவர் அடியைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். மிதிக்க ஆளில்லை என்றால் தூக்கத் தூக்க ஏணி நகர்ந்துகொண்டே போகும், நிமிராது. டெல்டாய்டு தூக்குகிற ஆள். சுழல்தசைப் பட்டை மிதிக்கிற ஆள். பட்டை முழுக்க அறுந்துபோனவருக்கு டெல்டாய்டு எவ்வளவு இழுத்தாலும் கை எழுவதில்லை. பந்துதான் மேல்நோக்கி நழுவி, தோளின் முகட்டு எலும்பில் போய் முட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் முட்டி முட்டிக் குருத்தெலும்பு போகிறது, பந்தின் வடிவம் போகிறது, கடைசியில் மூட்டே போகிறது. 1983-இல் நியரும் இரு சகாக்களும் இதைத் தனியொரு நோய்நிலையாக விவரித்துப் பெயரும் வைத்தார்கள்.

மிதிக்க ஆளில்லை, சரி. ஏணியின் அடியைச் சுவரோடு பூட்டிவிட்டால்?

1970-களின் தொடக்கத்தில் பல ஊர்களில், பலர் மண்டையில், இதே கேள்வி. லீட்ஸில் ரீவ்ஸ், பெர்லினில் கோல்பெல், லண்டனில் கெஸல், நியூயார்க்கில் நியரே. தோள்பட்டை எலும்பில் ஒரு பந்தை முடுக்கு. மேற்கை எலும்பின் தலையை வெட்டிவிட்டு அங்கே ஒரு கிண்ணத்தைச் செருகு. கிண்ணம் பந்தைக் கவ்விக்கொள்ளும். இனிப் பட்டை இருந்தால் என்ன, போனால் என்ன, மூட்டு நழுவ வழியில்லை. சிகாகோவில் மெல்வின் போஸ்ட் மட்டும் இடத்தை மாற்றாமலே, பந்தைக் கிண்ணத்துக்குள் பூட்டிப் பார்த்தார்.

பூட்டினார்கள். சுவர் தாங்கவில்லை.

நம் முதுகின் மேல்பக்கம் இருக்கும் தோள்பட்டை எலும்பைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பகுதி மெல்லிய தகடு. பந்தைப் பதிக்கத் தோதான கெட்டி எலும்பு ஒரு சின்னத் துண்டுதான். மூட்டு சுதந்திரமாக வழுக்கிக்கொண்டிருந்தவரை, கையின் பாரம் தசைகளில் பரவியது. பூட்டிய பிறகு ஒவ்வொரு அசைவின் முறுக்கும் அந்தச் சின்னத் துண்டில் இறங்கியது. கெஸல் தன் பந்தை ஒரே ஒரு பெரிய திருகால் நடுவில் முடுக்கியிருந்தார். எக்ஸ்ரேயில் அந்தத் திருகைச் சுற்றிக் கருங்கோடு தெரியத் தொடங்கியது. உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி விழுகிறது, பிடி தளர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ரீவ்ஸ் வேறு கோணத்தில் யோசித்து, பிடுங்கினாலும் வராத பிடிமானத்தைத் தேடினார். கோல்பெல் இன்னும் நிதானஸ்தர். முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால் மூட்டே கழன்றுகொள்ளட்டும், எலும்பு உடைவதைவிட அது மேல் என்று திட்டமிட்டே செய்தார். கழன்ற மூட்டைத் திரும்பப் பொருத்தலாம். உடைந்த தோள்பட்டையில் பிறகு எதைப் பதிப்பது?

நியர் மூன்று மாதிரிகள் செய்தார். முதலாவதில் பெரிய பந்து. கை நன்றாகச் சுழன்றது, ஆனால் பந்து அடைத்துக்கொண்ட இடத்தில் மிச்சமிருந்த தசைநாண்களை இழுத்துத் தைக்க முடியவில்லை. இரண்டாவதில் பந்தைச் சிறிதாக்கினார். நாண்களைத் தைக்க முடிந்தது, சுழற்சி குறைந்தது. மூன்றாவதில் சிறிய பந்தை வைத்துக்கொண்டு, இழந்த சுழற்சியை மீட்க மேற்கைத் தண்டுக்குள்ளேயே ஒரு சுழல் அமைப்பை நுழைத்தார். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கைவிட்டது. 1974 வாக்கில் மூன்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். பட்டை போன குறையை மூட்டைப் பூட்டி ஈடுகட்ட முடியாது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

தோள் அறுவையில் நியர் சொன்னால் அது சட்டம் என்றிருந்த காலம் அது. அவர் விட்டுவிட்டார் என்றதும் அமெரிக்காவில் பெரும்பாலோரும் விட்டுவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், தான் செய்த மூன்று மாதிரிகளைப் பற்றி நியர் சொன்னது முற்றிலும் சரி. அதைத் தலைகீழ் மூட்டு என்ற யோசனைக்கே எழுதப்பட்ட மரண சாசனமாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டதுதான் பிசகு. ஏனென்றால் அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் திருகை மாற்றினார்கள், சிமென்டை மாற்றினார்கள், பந்தின் அளவை மாற்றினார்கள். பெரும்பாலும் தொடாமல் விட்டது ஒன்று உண்டு. பந்துக்கு ஒரு கழுத்து வைத்து, எலும்பிலிருந்து வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். இயற்கையான தோளின் சுழற்சி மையம் எங்கே இருந்ததோ அங்கேயே செயற்கை மூட்டின் மையமும் இருக்க வேண்டும் என்ற விசுவாசம்.

விரற்கடை அளவுதான் அந்தக் கழுத்து. அதில்தான் வில்லங்கம் என்று தெரிய இன்னும் பத்து வருடம் போக வேண்டியிருந்தது. அதுவரை நோயாளிகள்?

1980-இல் பட்டை அறுந்து மூட்டும் அழிந்துபோன ஒரு எழுபது வயது மூதாட்டி மருத்துவரிடம் வருகிறார் என்று வைப்போம். கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை, இரவில் வலி தூங்க விடுவதில்லை. அவருக்கு என்ன வைப்பது?

பாதி மூட்டு வைக்கலாம். அதாவது பந்தை மட்டும் மாற்றுவது, கிண்ணத்தைத் தொடாமல் விடுவது. பல மருத்துவர்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். வலி கணிசமாகக் குறையும். கை அதிகம் போனால் மார்பு உயரத்துக்கு எழும். இந்த மாதிரி நோயாளிகளுக்குக் குறைந்த இலக்கு போதும், வலி தணிந்து கை உடம்போடு ஒட்டி நிலையாக நின்றால் அதுவே வெற்றி என்று நியரே வகுத்து வைத்திருந்தார். இதிலும் ஒரு கண்ணி. முன்பு நடந்த ஏதாவது அறுவையில் முகட்டு எலும்பையோ அதன் தசைநார் வளைவையோ வெட்டியிருந்தால், புதிய பந்தை மேலே தடுக்க எதுவும் இருக்காது. கையைத் தூக்க முயன்றால் பந்து முன்பக்கமாக மேலேறித் தோலுக்கடியில் புடைத்துக்கொண்டு நிற்கும்.

சரி, முழு மூட்டு? நியரின் உலோகப் பந்து, பிளாஸ்டிக் தகடு இரண்டும்? நல்ல பட்டை உள்ளவர்களுக்கு அபாரமாக வேலை செய்த ஜோடி அல்லவா? அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து 1988-இல் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. தகடு கழன்றுபோன தோள்களை மாட்சனும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். பட்டை சரியாக இல்லாத தோளில் பந்து நடுவில் உட்காராமல் மேலேறித் தகட்டின் மேல் விளிம்பை அழுத்துகிறது. மேல் விளிம்பு அமுங்கினால் கீழ் விளிம்பு எலும்பை விட்டுத் தூக்கும். கை ஒவ்வொரு முறை எழும்போதும் இந்த ஆட்டம். சிமென்ட் எத்தனை நாள் தாங்கும்? இதற்கு 'ஆடுகுதிரை' என்றே மருத்துவத்தில் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் தோள்மூட்டு மாற்றத்துக்கு முன்னால் எம்.ஆர்.ஐ.யோ சி.டி.யோ எடுத்துப் பட்டை எப்படி இருக்கிறது என்று மருத்துவர் உற்றுப் பார்ப்பதற்கு இந்தக் குதிரை ஒரு முக்கியக் காரணம். எந்த மூட்டு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எலும்பின் தேய்மானம் மட்டுமல்ல. மிதிக்கிற ஆள் இருக்கிறானா இல்லையா என்பதுதான்.

பாதி மூட்டில் கை எழாது. முழு மூட்டில் தகடு ஆடும். பூட்டிய மூட்டில் திருகு பிடுங்கும். மூன்று வாசலும் சாத்தியிருந்தது.

*

பிரான்ஸ். திஜோன். கடுகு அரைப்பதற்குப் பேர்போன ஊர். மருத்துவ உலகின் கண் படாத அந்த ஊருக்கு 1970-களின் நடுவில் வந்து சேர்ந்தவர் போல் கிராமோன். 1940-இல் பிறந்தவர், லியோனில் ஆல்பர் திரியா என்ற பெரிய கையிடம் தொழில் படித்தவர். கத்தியை எடுக்கும் நேரத்தைப் போலவே காகிதத்தில் கோடு போடும் நேரமும் அவருக்கு முக்கியம். டெல்டாய்டு தசையின் நெம்புகோலை எப்படி நீட்டுவது என்ற கேள்வியை வருடக்கணக்கில் விடாமல் பிடித்திருந்தார்.

மற்றவர்கள் கேட்டது, போன பட்டைக்குப் பதில் எதை வைப்பது என்று. கிராமோன் கேட்டது வேறு. பட்டை போய்விட்டது, டெல்டாய்டு இருக்கிறது. இருக்கிற தசை ஒன்றைக்கொண்டே கையைத் தூக்க வேண்டுமானால் மூட்டு எங்கே இருக்க வேண்டும்? இயற்கை வைத்த இடத்தில் அல்ல என்பது அவருக்குக் கிடைத்த விடை. சுழற்சி மையத்தை உடம்பின் பக்கமாக உள்ளே தள்ளினால், மையத்துக்கு வெளிப்புறம் விழும் டெல்டாய்டு இழைகள் கூடும், நெம்புகோலும் நீளும். மேற்கை எலும்பைக் கொஞ்சம் கீழே இறக்கினால் தொய்ந்து கிடக்கும் தசை விறைப்பாகும். இழுக்கிற பலமும் கூடுகிறது, மூட்டும் இறுக்கமாக அமர்கிறது.

கழுத்து வேண்டாம். அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

மையம் உள்ளே வந்ததில் இன்னொரு லாபம். கழுத்தின் நுனியில் பந்து நின்றபோது கையின் ஒவ்வொரு முறுக்கும் கடப்பாரை போட்டு நெம்பியது மாதிரி திருகைப் பெயர்த்தது. மையம் எலும்பின் பரப்பிலேயே விழுந்துவிட்டால் நெம்ப நீளம் இல்லை; பந்து எலும்பை நோக்கி அழுத்தப்படுகிறது. கெஸலைத் தோற்கடித்த எதிரி அந்த நெம்புதல்தான்.

1985-இல் முதல் மாதிரி தயார். ஆனால் முழுத் துணிவு இன்னும் வரவில்லை போலும்: பந்து பாதிக் கோளமாக இல்லை, மூன்றில் இரண்டு பங்குக் கோளம். மையம் உள்ளே வந்திருந்தது, முழுக்க வரவில்லை. பந்தைத் தோள்பட்டை எலும்பில் சிமென்ட் போட்டே ஒட்டினார். மேற்கையில் செருகியது எக்காள வடிவத்தில் ஒரு பாலிஎத்திலீன் துண்டு, பெயரே 'டிராம்பெட்'. 1987-இல் 8 நோயாளிகளின் விவரத்தை ஒரு பிரெஞ்சு வாத நோய் இதழில் வெளியிட்டார். எல்லோருக்கும் ஏற்கனவே அறுவை நடந்த தோள்கள். வலி எல்லோருக்கும் போயிருந்தது. கை எழுந்ததில்தான் சமன் இல்லை. சிலருக்கு 100 பாகையைத் தாண்டியது, சிலருக்கு 60-கூட இல்லை. முகட்டு எலும்பை அறுத்து உள்ளே போன வழியும் டெல்டாய்டுக்குத் தொல்லை கொடுத்திருக்கலாம்.

பிறகு சிமென்ட் கைவிட்டது. பந்துகள் தளர்ந்தன.

நியூயார்க்கில் நடந்ததே திஜோனிலும் நடக்கிறதா? கிராமோன் மூட்டை கட்டவில்லை. 1989 வாக்கில் சிமென்டைத் தூக்கி எறிந்தார். நடுவில் ஒரு முளையோடு ஒரு உலோகத் தகடு; அந்த முளை எலும்பில் இறுக்கமாக அறையப்படும்; சுற்றிலும் வெவ்வேறு கோணத்தில் விலகிச் செல்லும் திருகுகள் தகட்டைக் கவ்வும். அதன்மேல் பந்து. இந்த முறை துணிந்துவிட்டார்: சரி பாதிக் கோளம். மையம் எலும்பின் பரப்பிலேயே. 1991-இல் 'டெல்டா 3' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

ஆறுதல் நீடிக்கவில்லை. அந்த முதல் டெல்டாவில் பந்தைத் தகட்டின் விளிம்பில் மரை போட்டுத் திருகியிருந்தார்கள். நோயாளி கையை அசைக்க அசைக்கச் சில பந்துகள் மெல்ல மெல்லத் திருகு கழன்று வந்தன. தசை வென்றது, எலும்பு வென்றது, மரை தோற்றது! 1990-களின் நடுவில் அதையும் மாற்றினார்கள். கூம்பு வடிவப் பிடிப்பில் பந்து தகட்டின்மேல் அமர, நடுவில் ஒரு திருகு பாதுகாப்புக்கு. அதோடு கழலும் பேச்சு அடங்கியது.

அதன்பின் பிரான்ஸின் அறுவை அரங்குகளில் நடந்ததை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. பல வருடமாகக் கையை மார்புக்கு மேல் தூக்காதவர்கள் அலமாரியின் மேல்தட்டை எட்டினார்கள். அதுவும் சுழல்தசைப் பட்டையே இல்லாத தோளோடு. சகல சுகமும் திரும்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். பட்டையின் பின்பக்க நாண்களும் போனவர்களுக்குக் கை மேலே எழுந்தாலும் முன்கை உள்பக்கமாகவே மடங்கி விழுந்தது. வெளிப்புறம் திருப்பும் வேலையை டெல்டாய்டால் செய்ய முடியாது. முதுகுப்பக்கம் கை கொண்டுபோவதும் பலருக்குச் சிரமம். ஆனாலும் சாத்தியிருந்த மூன்று வாசலுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று திறந்திருந்தது. நியரின் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்த அமெரிக்கா மட்டும் அதற்குள் நுழையத் தயங்கியது. அங்கே அரசின் அனுமதி கிடைத்தபோது ஆண்டு 2003.

அனுமதி கிடைத்த மறு ஆண்டு. நான்சி நகரத்திலிருந்து சிர்வோவும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரான்ஸின் பல மருத்துவமனைகளில் கிராமோன் மூட்டு வைத்த 80 தோள்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த கணக்கு. வலி குறைந்திருந்தது, கை எழுந்திருந்தது. எக்ஸ்ரேக்களில்தான் ஒரு வில்லங்கம். பந்துக்குச் சற்றுக் கீழே, தோள்பட்டை எலும்பின் கீழ் விளிம்பில், யாரோ கடித்தது மாதிரி ஒரு பள்ளம். ஒன்றிரண்டு தோளில் அல்ல. 100-க்கு 60-க்கும் மேல்.

கடித்தது யார் என்று கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. கிராமோன் கழுத்தை வெட்டி மையத்தை உள்ளே கொண்டுவந்தார் அல்லவா? கூடவே மேற்கையின் கிண்ணமும் உள்ளே வந்துவிட்டது. அதைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், 155 பாகைச் சாய்வில் வைத்திருந்தார். நோயாளி கையைத் தொங்கவிடும்போதெல்லாம் கிண்ணத்தின் உள்விளிம்பு தோள்பட்டை எலும்பில் போய் இடித்தது. மூட்டைக் காப்பாற்றிய அதே அம்சம் எலும்பைத் தின்றது. பிளாஸ்டிக் விளிம்பும் சேர்ந்து தேய்ந்து, துகள்கள் மூட்டுக்குள் இறங்கின.

பள்ளத்துக்கு நான்கு படிகள் வகுத்தார்கள். முதல் படியில் எலும்பின் விளிம்பு மட்டும். இரண்டில் கீழ்த் திருகைத் தொடும். மூன்றில் திருகைத் தாண்டும். நான்காம் படியில் பந்தைத் தாங்கும் தகட்டின் அடிக்கே போயிருக்கும். கையைத் தூக்கி மகிழ்ந்துகொண்டிருந்த சிலருடைய எக்ஸ்ரேயில் நான்காம் படி தெரிந்தது. இந்தப் பள்ளம் ஒரு கட்டத்தில் நிற்குமா, நடு முளைவரை போய்த் தகட்டையே சாய்க்குமா? பந்தைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பதித்தால் போதும் என்றார்கள் ஐரோப்பாவில் சிலர்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், மார்க் ஃபிராங்கிள் என்ற அறுவை மருத்துவர் அதற்குள் தன் நோயாளிகளுக்கு வேறொரு தலைகீழ் மூட்டை வைக்கத் தொடங்கியிருந்தார். அதில் எலும்பைக் கடிக்க விளிம்புக்கு இடமே இல்லை. ஏனென்றால் கிராமோன் உள்ளே தள்ளிய மையத்தை ஃபிராங்கிள் மறுபடி எலும்புக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்திருந்தார். கெஸலின் திருகைப் பிடுங்கிய அதே பக்கத்துக்கு.

(தொடரும்)